டைல்ஸுக்கு நடுவே ஒரு நூல் கேப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆவணி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஆடி மாதம் முழுக்க மேஸ்திரியை விரட்டாத வீட்டுக்காரரை நம் பக்கம் பார்ப்பது கஷ்டம். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி டைல்ஸ் பற்றியவை. ஆரணி 1989இலேயே திருவண்ணாமலையோடு போய்விட்டது, 2019இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது, ஆனாலும் கடிதங்களைப் படித்தால் பழைய வட ஆற்காடு முழுக்க ஒரே வெயில், ஒரே உப்புத் தண்ணீர், ஒரே சண்டைதான்: டைல்ஸுக்கு நடுவே கேப் விடலாமா, கூடாதா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. விட வேண்டும், அதுவும் ஒரே அளவாக விட வேண்டும்.

ஹாலுக்கு 2க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்கி இறக்கிவிட்டோம். கேப் விடாமல் ஒட்டினால்தான் கண்ணாடி மாதிரி இருக்கும் என்கிறார் மேஸ்திரி. கேப் விட்டால் அழுக்கு சேரும் என்று என் மனைவியும் அவர் பக்கம். மருமகன் மட்டும் நடுவே பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்துக் கேப் விட்டே ஆக வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், சத்துவாச்சாரி

மருமகன் சொல்வதுதான் சரி, ஐயா. மேஸ்திரியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கோடே தெரியக் கூடாது என்று பத்து வீட்டில் கேட்டுக் கேட்டு, பதினோராவது வீட்டில் அவரே அப்படிச் சொல்ல ஆரம்பித்திருப்பார்.

டைல்ஸ் என்பது சூளையில் ஏறக்குறைய 1,200 டிகிரியில் வெந்து வருவது. வேகும்போது சுருங்கும், எல்லாம் ஒன்றுபோலச் சுருங்காது. பெட்டியில் 600க்கு 600 மி.மீ. என்று போட்டிருந்தாலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். ஓரத்தை மெஷினில் தேய்த்து அளவெடுத்த ரெக்டிஃபைடு டைல்ஸில் இந்த வித்தியாசம் குறைவு, ஆனால் இல்லாமல் போகாது. ஒரு டைலுக்குக் கால் மி.மீ. என்றே வைத்துக்கொள்ளுங்கள், பத்து டைல்ஸ் ஒட்டி முடிக்கும்போது இரண்டரை மி.மீ. ஆகிவிடும், பக்கத்து வரிசையோடு மூலை சேராது. கேப் இருந்தால் அந்த வித்தியாசத்தை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று கோடே வாங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. கேப் இல்லாவிட்டால் மேஸ்திரி சுத்தியால் தட்டி நெருக்குவார், இல்லையென்றால் கிரைண்டரில் ஓரத்தைத் தேய்ப்பார், கடைசியில் வாசலில் நின்று பார்த்தால் கோடு பாம்பு மாதிரி நெளியும்.

அப்புறம் அந்த அழுக்கு விஷயம். அம்மா நினைப்பதற்கு நேர் எதிர்தான் நடக்கும். 2 மி.மீ. கேப் இருந்தால் அதற்குள் கிரவுட் (கோட்டை அடைக்கும் கலவை) ஆழமாக இறங்கி அடைத்துக்கொள்ளும், துடைத்தால் போய்விடும். ஒட்டி வைத்த டைல்ஸிலும் முடி அளவு இடுக்கு இருக்கவே செய்யும், அதில் கிரவுட் இறங்காது, ஆனால் மாப் போடும் தண்ணீர் இறங்கும். ஆறு மாதத்தில் தெரிகிற கறுப்புக் கோடு அதுதான்.

எவ்வளவு விடுவது? வீட்டுக்குள்ளே ரெக்டிஃபைடு டைல்ஸுக்கு 2 மி.மீ. போதும். ஓரம் தேய்க்காத சாதாரண டைல்ஸுக்கு 3 மி.மீ., அதாவது மேஸ்திரி கணக்கில் ஒரு நூல் (ஒரு இஞ்சுக்கு எட்டு நூல்). கடையில் "டூ எம்.எம். ஸ்பேசர்" என்று கேட்டாலே கூட்டல் குறி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கைப் பாக்கெட்டாகக் கொடுப்பார்கள். 1 மி.மீ. தொடங்கி 5 மி.மீ. வரை சாதாரணமாகக் கிடைக்கும், வீட்டுச் செலவிலேயே மிகக் குறைந்த செலவு இதுதான்.

இதை வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நான்கு மூலை சேரும் இடத்தில் படுக்க வைத்து அதன்மேலேயே கிரவுட் போட்டு மூடுகிறார்கள், அது தப்பு. அந்த இடத்தில் மட்டும் கிரவுட் தோல் மாதிரி மெல்லியதாக நிற்கும், கொஞ்ச நாளில் பெயர்ந்து உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்லைக் காட்டும். ஸ்பேசரை நிமிர்த்தி, ஒரு கால் மட்டும் கேப்புக்குள் போகிற மாதிரி, ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று வையுங்கள். மறுநாள் ஒட்டு பிடித்ததும் உருவிக்கொள்ளலாம், அடுத்த அறைக்கும் ஆகும்.

தீக்குச்சி போதாதா என்று மேஸ்திரி கேட்பார். போதாது. ஈரம் பட்டால் ஊறும், சுத்தி பட்டால் நசுங்கும், ஒரு குச்சி மாதிரி இன்னொன்று இருக்காது. டைல்ஸ் பெட்டியின் அட்டையைக் கிழித்து மடித்து வைப்பதும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். முதல் வரிசை கோணலாக இருந்தால் ஸ்பேசர் அந்தக் கோணலை அப்படியே அறை முழுக்க ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் முதலில் நூல் பிடித்து, ஒரு பக்கம் மூன்று அடி, இன்னொரு பக்கம் நான்கு அடி, குறுக்கே சரியாக ஐந்து அடி வருகிறதா என்று மூலையைச் சரிபார்த்த பிறகுதான் முதல் டைலில் கை வைக்க வேண்டும். சுவரை நம்பி ஆரம்பிக்கக் கூடாது, நம் ஊரில் சரியான மூலைமட்டத்தில் எழுந்த சுவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

போன சித்திரையில் ஒரு நாள் மதியம் மாடி சிட்-அவுட்டில் டமார் என்று சத்தம். சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடினோம். பார்த்தால் நடுவில் ஆறு டைல்ஸ் கூடாரம் போட்ட மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. ஏதாவது தோஷமா என்று மாமியார் பயப்படுகிறார்.
– வாசகி, ராணிப்பேட்டை

தோஷம் எதுவும் இல்லை, அம்மா. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், வெயிலும் கேப் இல்லாததும் சேர்ந்து செய்த வேலை இது. கேப் விடாமல் ஒட்டியிருப்பார்கள், சுவர் ஓரத்திலும் சிமென்ட் வைத்து இறுக்கி அடைத்திருப்பார்கள். சரிதானே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீள டைல், ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஆறேழு பங்கு நீளும். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் வேலூர்ப் பக்கம் சித்திரை வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும், வெயில் நேராக விழும் தரை அதைவிட எவ்வளவோ சுடும், மதியம் வெறுங்காலில் மாடியில் நின்றவர்களுக்குத் தெரியும். விடியற்காலை 25 டிகிரியில் இருந்த தரை மதியம் 60க்குப் போனால், 30 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 2 மி.மீ. நீள வேண்டும். ஸ்பேசர் வைத்து ஒவ்வொரு கோட்டிலும் கேப் விட்டு, ஓரத்தையும் காலியாக விட்டிருந்தால் அந்த 2 மி.மீ. யாருக்கும் தெரியாமல் அடங்கியிருக்கும். உங்கள் சிட்-அவுட்டில் டைலும் டைலும் முட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டு பக்கமும் சுவர். போக இடமே இல்லாதபோது எந்த இடத்தில் ஒட்டு பலவீனமோ அங்கே மேலே கிளம்பும். அடியில் இருக்கும் கான்கிரீட்டும் கட்டி முடித்த முதல் சில வருடங்களுக்குக் காயக் காயச் சுருங்கிக்கொண்டே இருக்கும், டைல்ஸ் சுருங்காது, அந்த நெருக்கமும் இதோடு சேர்ந்துகொள்ளும். சில வீடுகளில் வெயிலே படாத ஹாலில் டைல்ஸ் தூக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர்ந்த ஆறு டைல்ஸை மட்டும் அதே இடத்தில் இறுக்கி ஒட்டச் சொல்லாதீர்கள், அடுத்த சித்திரைக்கு வேறு ஆறு கிளம்பும். சுற்றியுள்ள டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று சத்தம் வருவது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சுவர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிமென்ட்டைக் கொத்தி 6 முதல் 8 மி.மீ. இடம் விட்டு, சிமென்ட்டே வைக்காமல் வளைந்து கொடுக்கும் சீலன்ட் அடியுங்கள். ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில் ஒட்டும் பட்டை) மேலே வந்தால் அந்த இடம் தெரியாது. வெயில் விழும் இடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்கு ஒரு கோடு இப்படி சீலன்ட் கோடாகவே இருக்க வேண்டும், மற்ற கோடுகள் 5 மி.மீ. இருந்தால் நல்லது. மொட்டை மாடியில் வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் போடுகிறவர்களும் இதைக் கவனியுங்கள். வெள்ளை நிறம் சூட்டைக் குறைக்கும், நீளுவதை முழுக்க நிறுத்தாது.

லெவலிங் க்ளிப் போட்டு ஒட்டினால் சதுர அடிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். அது என்ன, அவசியமா? அக்கா வீட்டில் போட்டிருந்தார்கள், தரை முழுக்க மஞ்சளாக முளைத்து நின்றது.
– வாசகி, குடியாத்தம்

ஸ்பேசர் இரண்டு டைல்ஸுக்கு நடுவே தூரத்தைப் பார்த்துக்கொள்ளும். உயரத்தை அது பார்க்காது. ஒரு டைல் ஓரம் பக்கத்து டைலைவிட ஒரு மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றால் காலில் இடறும், மாப் மாட்டும், சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது அந்த ஓரத்தின் நிழல் நீளமாகத் தெரியும். அந்த உயரத்தைச் சமப்படுத்தத்தான் க்ளிப்.

உங்கள் அக்கா வீட்டில் முளைத்து நின்றது இரண்டு பாகம் உள்ளது. கீழே தட்டையான பாதம் வைத்த க்ளிப், அதன் பாதம் டைலுக்கு அடியில் போய்விடும், கழுத்து கேப் வழியாக மேலே வரும். அந்தக் கழுத்தில் இருக்கும் ஓட்டைக்குள் ஒரு ஆப்பைச் செருகி இடுக்கியால் நெருக்கினால், பாதம் கீழிருந்தும் ஆப்பு மேலிருந்தும் இரண்டு டைல்ஸ் ஓரத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பசை இறுகும்வரை அப்படியே நிற்கும். ஒரு நாள் முழுசாகக் கழித்து, கோடு போகும் திசையிலேயே ரப்பர் சுத்தியால் தட்டினால் கழுத்து டைலுக்குக் கீழே பட்டென்று முறியும். பாதம் உள்ளேயே தங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. கோட்டுக்குக் குறுக்கே தட்டினால் டைல் ஓரம் உடைந்து போகும் என்பதை மட்டும் தட்டுகிற பையனிடம் இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். ஆப்பு திரும்பத் திரும்ப ஆகும், க்ளிப் ஒரு முறைக்குத்தான்.

அவசியமா என்றால், டைல் அளவைப் பொறுத்தது. பாத்ரூம் தரையில் 1க்கு 1 ஒட்டக் கைப்பழக்கமுள்ள மேஸ்திரிக்கு இது வேண்டாம். 2க்கு 2க்கு இருந்தால் நல்லது. 4க்கு 2 வாங்கியிருந்தால் நான் க்ளிப் இல்லாமல் ஒட்ட விடமாட்டேன், அவ்வளவு நீள டைல்ஸில் நடுப்பகுதி லேசாக வில் மாதிரி வளைந்திருப்பது சகஜம். கணக்கும் சுலபம்: 2க்கு 2 டைலுக்குப் பக்கத்துக்கு இரண்டு க்ளிப், ஒவ்வொன்றும் பக்கத்து டைலுக்கும் சேர்ந்ததால் டைலுக்கு நான்கு விழும். 200 சதுர அடி ஹாலுக்கு 50 டைல்ஸ், 200 க்ளிப். உடைகிறதுக்கு இன்னும் கொஞ்சம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: பசையில் ஒட்டுகிறாரா, கலவையிலா? ஒன்றரை இஞ்ச் கலவை கொட்டி சிமென்ட் பால் ஊற்றி ஒட்டும் பழைய முறைக்கு க்ளிப் அவ்வளவாக உதவாது. சமமாகப் பூசிக் காய்ந்த தரையில், பல் வைத்த கரண்டியால் பசை சீவி ஒட்டும்போதுதான் அது முழு வேலை செய்யும். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது, அதனால் சிமென்ட் பாலால் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது, அதற்கும் பசைதான் சரி. பையில் ஐ.எஸ். 15477 என்ற எண்ணும் எந்த வகை டைல்ஸுக்கு என்பதும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

என் சொந்த வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தரை மேடு பள்ளமாக இருந்தது, க்ளிப் போட்டால் சரியாகிவிடும் என்று ஒட்டியவர் சொன்னார், நானும் ஒத்துக்கொண்டேன். ஆப்பை இறுக்கி இறுக்கி பள்ளத்தில் இருந்த டைல்ஸை மேலே இழுத்தார்கள், ஓரமெல்லாம் அழகாகச் சமமாக வந்தது. ஆனால் இழுத்த டைலுக்கு அடியில் பசை விட்டுப்போய் வெற்றிடம். இரண்டு வருடத்தில் பீரோ வைத்த இடத்தில் ஒரு டைல் குறுக்கே பிளந்தது. தரையைச் சமப்படுத்தும் வேலையைப் பூச்சில்தான் முடிக்க வேண்டும், க்ளிப் கடைசி அரை மி.மீ.க்குத்தான்.

டைல்ஸ் வேலைக்குத் தனியாக இறங்கி ஒரு வருடம் ஆகிறது, வயது 23. க்ளிப்பில் இரண்டு மூன்று மாடல் விற்கிறார்கள். எதை வாங்குவது, வேறு என்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஒரு டைல்ஸ் தொழிலாளி, ஆம்பூர்

தம்பி, இந்தக் கடிதத்தைப் பார்த்து எனக்கு ரொம்ப சந்தோஷம். வேலைக்கு வந்து ஒரு வருடத்தில் கருவியைப் பற்றிக் கேட்கிறவர் பத்து வருடத்தில் நல்ல பெயர் எடுப்பார்.

முதலில் க்ளிப்பும் ஆப்பும் உள்ளதையே வாங்குங்கள். வேகம், செலவு கம்மி. இடுக்கியில் எவ்வளவு இறுக்கம் என்று திருகி வைத்துக்கொள்ளும் வசதி இருக்கும், அதைக் குறைவில் வைத்து ஆரம்பியுங்கள். டைல் ஓரம் சமமாக வந்ததும் கை நிற்க வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் கழுத்து அப்போதே அறுந்துவிடும், இல்லையென்றால் என் வீட்டில் ஆன மாதிரி ஆகும். இரண்டாவது மாடல் மேலே திருகும் மூடி போட்டது. கையாலேயே திருகலாம், கையில் இறுக்கம் தெரியும், ஆனால் நேரம் எடுக்கும், பளபளப்பான டைல்ஸில் மூடி உராய்ந்து கோடு விழாமல் அடியில் தகடு வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றாவது, இரும்பு ஊசி வைத்தது. ஊசியின் கீழே டி எழுத்து மாதிரி குறுக்கு இருக்கும், கேப்புக்குள் விட்டுக் கால் சுற்று திருப்பினால் டைலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் திருப்பி உருவிக்கொள்ளலாம், எதுவும் வீணாகாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கேப்புக்குள் ஏறிய பசையைச் சுத்தம் பண்ணாமல் விட்டால் ஊசி பசையோடு இறுகி வராது, இழுத்தால் வளையும். கை சுத்தமான பிறகு அதற்குப் போகலாம். எதை வாங்கினாலும் எத்தனை மி.மீ. கனமுள்ள டைல்ஸுக்கு என்று பாக்கெட்டில் பாருங்கள், வீட்டுக்குள் போடும் டைல்ஸின் க்ளிப் பார்க்கிங்கின் கனமான டைல்ஸுக்குக் கழுத்து எட்டாது.

க்ளிப்பை மூலையில் இருந்து இரண்டு இஞ்ச் தள்ளி வைக்கவும், நீளப் பக்கத்தில் ஓர் அடிக்கு ஒன்றுக்குக் குறையாமல். க்ளிப்பின் கழுத்துக் கனத்தை மட்டும் நம்பி ஸ்பேசரை விட்டுவிடாதீர்கள். கழுத்து மெல்லிசு, நெருக்கும்போது டைல் நகரும். ஸ்பேசர் தூரத்துக்கு, க்ளிப் உயரத்துக்கு, இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

சுவருக்கு வேறு கணக்கு. தரையில் டைல் தன் எடையில் உட்கார்ந்துகொள்ளும், சுவரில் அதே எடை கீழே இழுக்கும், பசை பிடிக்கிறவரை மேல் வரிசை முழுக்கக் கீழ் வரிசை மேல்தான் நிற்கும். அதனால் சுவரில் ஸ்பேசர் என்பது அழகுக்காக மட்டும் இல்லை, அதுதான் தூண். கீழ்த் தரை மட்டமாக இருக்கும் என்று நினைக்காமல், இரண்டாவது வரிசையின் அடி மட்டத்தில் ஒரு நேரான அலுமினியச் சட்டத்தை ரசமட்டம் பார்த்து ஆணியடித்து, அதன்மேல் இருந்து ஒட்டிக்கொண்டு போங்கள். முதல் வரிசையைக் கடைசியில் அளந்து வெட்டி வையுங்கள், அதற்கு அடியில் சாய்வான பிளாஸ்டிக் ஆப்பு வைத்து உள்ளே தள்ளித் தள்ளி ஒரு இழை ஏற்றலாம், இறக்கலாம். அந்தச் சாய்வு ஆப்பு ஒரு பாக்கெட் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

லேசர் லெவல் பணம் சேர்ந்ததும் வாங்கலாம். அதுவரை டியூப் லெவல் போதும், உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் தண்ணீர் பொய் சொல்லாது.

மரப்பலகை மாதிரி நீளமான டைல்ஸை செங்கல் அடுக்கிய மாதிரி பாதிப் பாதியாக மாற்றி ஒட்டினோம். எல்லா இடத்திலும் ஓரம் தட்டுகிறது. க்ளிப்பும் போட்டார்களே?
– வாசகர், ஆரணி

பாதியில் மாற்றியதுதான் காரணம். நீளமான டைல்ஸ் நடுவில் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும் என்று மேலே சொன்னேன். பாதியில் மாற்றினால் ஒரு டைலின் மிக உயர்ந்த நடுப்பகுதிக்குப் பக்கத்திலேயே அடுத்த டைலின் மிகத் தாழ்ந்த முனை வந்து உட்காரும். க்ளிப் எவ்வளவு இழுத்தாலும் வெந்த டைல் வளையாது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளி ஒட்டினால் இது பாதிக்குமேல் அடங்கும், பெட்டியிலேயே பல சமயம் அப்படிப் போட்டிருக்கும். இப்படி மாற்றி ஒட்டும்போது கூட்டல் குறி ஸ்பேசர் உட்காராது, டி மாதிரி இருப்பதை வாங்க வேண்டும். உங்கள் வீட்டில் இனி போடப்போகும் அறைக்கு இதைச் செய்யுங்கள். போட்ட அறையில் ரொம்பத் தட்டுகிற இடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பாத்ரூம் சுவர் டைல்ஸ் கோடெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது, கீழே கறுப்பு. ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம், இரண்டு மாதத்தில் திரும்ப வருகிறது.
– வாசகி, வாணியம்பாடி

ஆசிட்டை முதலில் நிறுத்துங்கள், அம்மா. சிமென்ட் கிரவுட்டை அது அரித்துத் தின்றுவிடும், ஒவ்வொரு தடவையும் கோடு இன்னும் பள்ளமாகிறது, பள்ளத்தில் இன்னும் அதிகம் தங்குகிறது. வெள்ளையாகப் பூப்பது போர் தண்ணீரில் இருக்கும் உப்பு. பாலாற்று ஓரம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று வாணியம்பாடிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். நிரந்தரமாக வேண்டுமானால் கோட்டைச் சுரண்டி எடுத்து எபாக்சி கிரவுட் போடுங்கள், அது தண்ணீர் குடிக்காது. ஆனால் உங்கள் டைல்ஸ் கேப் இல்லாமல் ஒட்டியிருந்தால் எபாக்சி உள்ளே இறங்காது, மேலே பூசின மாதிரி நின்று உரிந்துவிடும், கேப் குறைந்தது 2 மி.மீ. வேண்டும். போடுகிறவர் சின்னச் சின்ன அளவாகக் கலந்து, போட்ட உடனே துடைக்க வேண்டும், காய்ந்த பிறகு டைல் மேல் படிந்த எபாக்சியை எடுப்பது பெரும்பாடு.

அப்பா கட்டிய வீட்டில் கடப்பா கல் தரை. அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டலாமா?
– வாசகர், காட்பாடி

ஒட்டலாம். பத்தடி அலுமினியச் சட்டத்தைத் தரையில் எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள், அடியில் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியாமல், எந்தக் கல்லும் ஆடாமல் இருந்தால் பாலிஷைச் சொரசொரப்பாக்கிப் பசையில் ஒட்டலாம். பசையும் டைலும் சேர்ந்து அரை இஞ்ச் ஏறும், கதவு அடிபடுமா, பாத்ரூம் படியைவிட ஹால் உயர்ந்துவிடுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு வார்த்தை. கல் நன்றாக இருந்தால் பாலிஷ் போட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்களேன். அக்னி நட்சத்திரத்தில் கடப்பா தரையில் பாய்கூட இல்லாமல் படுத்த சுகம் எந்த டைல்ஸிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எத்தனை பெட்டி கூடுதலாக வாங்க வேண்டும்?
– வாசகர், வாலாஜாபேட்டை

நேராக ஒட்டினால் நூற்றுக்குப் பத்து. 2க்கு 2 பெட்டியில் பெரும்பாலும் நான்கு டைல்ஸ், 16 சதுர அடி. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச், ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பேட்ச் மாறினால் நிறம் மட்டும் இல்லை, அளவும் ஒரு இழை மாறலாம், ஸ்பேசர் வைத்தும் கோடு சேராமல் போகும். ஒரு பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள், ஐந்து வருடம் கழித்து அந்த டிசைன் கடையில் இருக்காது.

வேலை முடிந்தது, மேஸ்திரிக்குக் கடைசிப் பணம் கொடுக்க வேண்டும். எதைப் பார்த்துக் கொடுப்பது?
– வாசகர், வேலூர் கொசப்பேட்டை

கிரவுட் போடுவதற்கு முன்னாலேயே பாருங்கள், போட்ட பிறகு பார்த்து வருத்தப்படத்தான் முடியும். பகலில் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டைலிலும் நான்கு மூலை, நடு என்று தட்டுங்கள். பொக்கு இருக்கிற டைலில் சாக்பீஸால் குறி போடுங்கள். பாத்ரூமில் ஒரு குடம் தண்ணீரைத் தூர மூலையில் ஊற்றி, வாட்டம் சரியாக ஓட்டைக்குப் போகிறதா என்று பாருங்கள்.

ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். தூக்கி நிற்கும் ஓரம் ஒவ்வொன்றும் நிழல் காட்டும். அப்படிப் பார்த்தால் நல்ல வேலையிலும் கொஞ்சம் தெரியும், அதற்காக மேஸ்திரியைப் படுத்தாதீர்கள். அமெரிக்கத் தர விதியில் இந்த மாதிரி மெல்லிய கோடுகளுக்கு ஒரு இஞ்சில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.8 மி.மீ. வரைக்கும் விடுகிறார்கள், டைலின் சொந்த வளைவு அதற்கு மேல். அளக்கக் கருவி வேண்டாம், உங்கள் பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. சந்தேகமான இடத்தில் தாழ்ந்திருக்கும் டைல் மேல், ஓரத்தை ஒட்டி கார்டை வையுங்கள். பக்கத்து டைல் கார்டுக்குச் சமமாகவோ கீழேயோ இருந்தால் விட்டுவிடுங்கள். கார்டையும் தாண்டி மேலே தெரிந்தால் அந்த டைலைப் பசை முழுசாக இறுகுவதற்குள் எடுத்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், அதுவரை கடைசிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.